விளக்கறையிலிருந்து வாசித்த பெயர்

குணாண்ணை, என்ரை அண்ணை,

அன்று அந்தப் பெயரை ஏன் வாசித்தீர்கள்? நீங்கள் உயிரோடு இருந்தபோது கேட்கத் துணியவில்லை. இப்போது எத்தனை தடவை யோசித்தாலும் எனக்குப் பதில் தெரியவில்லை.

ஜேர்மனியில், எங்கள் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் உள்ளூர் வானொலி தொடங்கிய காலம். நகரவாசிகளும் நிகழ்ச்சி செய்யலாம் என்றதும், நிலக்கரிச் சுரங்கத்தில் உங்களோடு வேலை செய்தவர்கள் மூடிய சுரங்கமொன்றின் விளக்கறையை, கீழே இறங்குமுன் விளக்கு வாங்கும் அறையை, ஒலிப்பதிவுக்குப் பிடித்துத் தந்தார்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் தமிழ். கீழே தோண்டிய நிலம் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்த வெடிப்பு மெல்ல மெல்ல நீண்டது. நீங்கள் அதன்மேல் நிகழ்ச்சி நிரலை ஒட்டினீர்கள்.

எங்கள் சனம் பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை, மரண அறிவித்தலுக்காகக் காத்திருந்தது. போர் நடந்த ஊர்களிலிருந்து செய்தி தொலைபேசியில் வரும். அதற்குச் சுரங்கத்து வழக்கமொன்றைக் கொண்டுவந்தீர்கள். மேலே வந்தவன் தன் இலக்கத் தகட்டைக் கொழுக்கியில் மாட்டவேண்டும். வெறும் கொழுக்கியை இரண்டு பேர் பார்த்த பிறகுதான் ஆள் இன்னும் கீழே என்று சொல்லலாம். அதுபோல, இரண்டு பேர் உறுதிப்படுத்தாத மரணத்தை நாங்கள் வாசிப்பதில்லை. ஒவ்வொரு உறுதிக்கும் கொப்பியில் பெயருக்கு நேரே ஒரு சரி அடையாளம் போடுவது என் வேலை.

இங்கே எங்களோடு இருந்த மலரக்காவின், ஊரில் நின்ற கணவருடைய பெயருக்கு ஒரு சரிதான் இருந்தது.

"மற்றது, அண்ணை?"

"நேரம் போயிட்டுது. நீ போடு."

போட்டேன். நீங்கள் வாசித்தீர்கள். மலரக்கா அன்றே பொட்டை அழித்தார். இரண்டாவது அழைப்பு வரவேயில்லை. உடலும் கிடைக்கவில்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பிறகு பேசவுமில்லை.

இன்று மத்தியானம் மலரக்கா வந்தார். பக்கத்து வீட்டு வேர்னரை, உங்களோடு சுரங்கத்தில் இறங்கிய அதே வேர்னரை, கலியாணம் செய்யப்போகிறாராம்.

"இந்த வயசிலயோ எண்டு சிரியாதை. மனுசன் இப்ப என்னைவிட நல்லா இடியப்பம் பிழியுது."

"நான் சிரிக்கேல்லை, அக்கா."

"முதல் மனுசன் செத்ததுக்கு ஆதாரம் கேக்கிறாங்கள். நாளைக்குப் பதிவு அலுவலகத்தில டெர்மின், வரச்சொல்லி நேரம் தந்திருக்கிறாங்கள். கொண்ணை குணா வாசிச்ச கசெற் இருக்கோ?"

"அது ஆதாரமாகுமோ தெரியேல்லை."

"எங்கட சனம் முழுக்க நம்பினது. ஒரு ஜேர்மன்காரன் நம்பமாட்டானோ?"

கசெற்றைக் கொடுத்தேன். கொப்பியை எடுக்கவில்லை.

சகுனங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அவர் போனதிலிருந்து தொலைபேசி அடித்தால், அந்த இரண்டாவது அழைப்போ என்று எடுக்கக் கை வருவதில்லை. அந்த மனிதர் எங்கோ உயிரோடு இருந்தால்? இல்லாவிட்டாலும், தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்ல எங்களுக்கு யார் உரிமை தந்தது?

உங்கள் நல்ல பெயருக்காக இனி வாய்மூடி இருக்கமாட்டேன், அண்ணை. நாளை அவர் உள்ளே போவதற்கு முன் சொல்லிவிடுவேன். இரண்டாவது சரி என்னுடையது என்பதையும் மறைக்கமாட்டேன்.

மறுநாள் நடந்ததையும் இதிலேயே எழுதுகிறேன். பதிவு அலுவலக நடைவழியில் கொப்பியை விரித்துக் காட்டினேன்.

"அப்ப ஆர் ரெண்டாவதாச் சொன்னது?" என்று கேட்டார் மலரக்கா.

"ஒருத்தரும் இல்லை, அக்கா. நான் சும்மா போட்டனான்."

அவர் ஏசவில்லை. அவருடைய இலக்கம் திரையில் வந்தது. வேர்னரை இருக்கச் சொல்லிவிட்டுத் தனியே உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. கணவர் இறந்த இடமும் நாளும் எழுதவேண்டிய கட்டத்தை அதிகாரி விரலால் காட்டினார். மலரக்கா பேனாவை மூடி வைத்தார்.

"காணாமற்போனவர்," என்றார் ஜேர்மன் மொழியில். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும் சொன்னார்.

வெளியே வந்து வேர்னருக்குப் பக்கத்தில் அமர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நீ போ, தங்கச்சி."

நான் போனேன்.

அந்தச் சரியைப் போட்ட உங்கள் தங்கை,
வாசுகி