தூண் மறைத்த கோல்

பக்கத்து இருக்கைக்காரனுக்கு,

பழைய கால்பந்து மைதானத்தின் கடைசி ஆட்டத்துக்காவது நீ வருவாய் என்று நினைத்தேன். நாம் பிரிந்த இந்த ஏழு மாதங்களில் உன்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது அன்று மட்டும்தான்.

வழக்கமான லங்காஷயர் மழை. பின்வரிசைக் கிழவர் ஹார்க்ரீவ்ஸ், வினிகர் தெளித்த சிப்ஸை நீட்டிக்கொண்டே, "என்ன கண்ணு, உன் ரேடியோவைக் காணோம்?" என்று கேட்டார். நீதான் ரேடியோ. எனக்கு முன்னால் நின்ற இரும்புத் தூண் இடப்பக்கக் கோல் வலையை மறைத்துவிடும். அங்கே நடந்ததையெல்லாம் ஒன்பது வருடம் நீதான் எனக்குச் சொன்னாய். "வர்றான், வர்றான்... நாசமாப் போறவன், வானத்தைப் பாத்து அடிச்சிட்டான்!"

அன்று கடைசி கோலும் அந்தப் பக்கம்தான் விழுந்தது. எல்லோரும் எழுந்து கத்தினார்கள். நான் உன் காலி இருக்கையைப் பார்த்து, "யாருடா அடிச்சது?" என்று கேட்டுவிட்டேன். கிழவர் என் தோளைத் தொட்டார்.

ஆட்டம் முடிந்ததும் ஆளாளுக்கு நினைவுக்காக இருக்கையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். நான் தூணிலிருந்து கொஞ்சம் பச்சைப் பெயின்ட்டை உரித்துக்கொண்டேன். இந்த உறையில் இருக்கிறது.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. உனக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தால் அந்தக் கோல் வலை முழுவதும் தெரியும். முதல் வருடமே கண்டுபிடித்துவிட்டேன். ஒரு நாளும் சாயவில்லை. அன்றும்தான்.

புதிய மைதானத்தில் தூண்களே இல்லை. அடுத்தடுத்த இரண்டு இருக்கைகளைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை, மூன்று மணிக்கு முதல் ஆட்டம்.

நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். நீ சொல்.

தூணுக்குப் பின்னால் இருந்தவள்