அப்பா எந்தப் படியில்?

மார்ச் 4
உளவியல் படிக்கிற ஒரு அக்காவின் ஆய்வேட்டை இன்று நான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்தேன். மனிதர்கள் பழக்கத்தை எப்படி விடுகிறார்கள் என்பதற்கு மூன்று விளக்கங்கள். ஒன்று, படிப்படியாக ஏறுகிறார்கள். முதல் படியில் நிற்பவரை அவசரப்படுத்தக் கூடாது. இரண்டாவது, ஆபத்து உறைத்தால் விடுவார்கள். மூன்றாவது, சுற்றியிருப்பதை மாற்றினால் போதும், மனசு பின்னால் வரும்.

அப்பாவின் கால் விரல் கறுத்துவிட்டது. ஆறு வாரம் சிகரெட்டைத் தொடாமலிருந்தால்தான் ரத்தக்குழாய் ஆபரேஷன். புகைத்துக்கொண்டே செய்தால் மறுபடி அடைத்துக் காலே போகுமாம். அவசரப்படுத்தாமல் இருக்கலாம். விரல் காத்திருக்குமா?

மார்ச் 6
நேரில் சொல்ல வாய் வரவில்லை. ஆபத்தையெல்லாம் காகிதத்தில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வைத்தேன். மாலையில் பார்த்தால் அதை மடித்து அதில்தான் சாம்பலைத் தட்டியிருக்கிறார்.

மார்ச் 9
மூன்றாவது விளக்கம். பால்கனியில் அவர் உட்கார்ந்து ஊதுகிற நாற்காலியை ஒளித்துவைத்தேன். நின்றுகொண்டே ஊதினார். அம்மாவே நாற்காலியைத் தூக்கிவந்து போட்டாள். "நாய் வாலை நிமித்தப் பாக்குறியாடி? மனுசனுக்குக் கால் வலிக்காது?"

மார்ச் 10
அந்த அக்கா பிழை திருத்த வந்தாள். மூன்றில் எது பலிக்கும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என்ன பிறவி நான்.

மார்ச் 23
விட்டுவிட்டாராம். அத்தைக்குப் போன் போட்டுப் பெருமை பேசினார். குளியலறையில் புகை நாற்றம். அம்மாவுக்கும் மூக்கு இருக்கிறது.

ஏப்ரல் 15
"ஆறு வாரமா தொடவே இல்ல சார்" என்றார் அப்பா. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."
நான் தரையைப் பார்த்தேன்.
"அவ கூச்ச சுபாவம் சார்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை ஆபரேஷன்.

ஏப்ரல் 17
கடைக்கு லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் தனியாகப் போனேன். ஒரே வாக்கியம். குளியலறையில் இன்னும் ஊதுகிறார், அவ்வளவுதான். ஆபரேஷன் ரத்து. இன்றிலிருந்து மறுபடி ஆறு வாரம்.

ஏப்ரல் 18
"எட்டாங்கிளாசோட நின்னவ எனக்கு வைத்தியம் பாக்குறா." அம்மாவிடம்தான் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி. அம்மா என் தட்டை எடுத்துவைக்கவில்லை. நான் செய்தது சரிதானா? அந்த ஆய்வேட்டில் காட்டிக்கொடுத்தவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மே 2
அப்பா இப்போதெல்லாம் ஊதக் குளியலறைக்குப் போவதில்லை. கூடத்திலேயே, என் எதிரிலேயே. இன்று அவர் கால் விரலின் கட்டைப் பிரித்தேன், பக்கத்து விரலும் கறுத்திருந்தது. புகையை விட்டுக்கொண்டே காலை நீட்டினார். துடைத்து, புதுக் கட்டுப் போட்டேன்.