புதன்கிழமை சித்தி பேசுவாள்

என் தங்க மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம். உன் இருமல் விட்டதா என்று அப்பா தினமும் என்னைத்தான் துளைக்கிறார், உன்னிடம் கேட்டால் வாய் தேய்ந்துவிடுமாம். தையலும் நிறைய வந்து கிடக்கிறது, ஆனால் ஒரு வாரமாக ஊசியில் நூல் கோக்கக்கூட எனக்கு மனசு ஓடவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சித்தி என்று வாயெடுத்தாலே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கலாம், கிழிப்பதற்குள் நாலு வரி கண்ணில் பட்டுவிடும். அதனால்தான் நாளை உன் ஊருக்குத் திரும்புகிற அடுத்த தெரு நர்ஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சித்திக்குத் தொண்டையில் கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்குப் பிறகு குரல் இருக்குமா என்று கேட்டால் டாக்டர் மேலே கையைக் காட்டுகிறாராம். செய்தி கேட்டதும் என் மனசு என்ன சொன்னது தெரியுமா, உனக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததை மாப்பிள்ளை வீட்டில் போய் ஊதி உன் கல்யாணத்தை நிறுத்தின தொண்டைதானே, அனுபவிக்கட்டும் என்றது. இரண்டு நாள் அதிலேயே ஊறிக் கிடந்தேன். அப்புறம் கோயில் வாசலில் பால்காரர் மனைவி என் காதோடு, “பேசின தொண்டைக்கே வந்துடுச்சு பாத்தீங்களா” என்று சிரித்தாள். என் நினைப்புதான், ஆனால் அவள் வாயில் கேட்டபோது எனக்கே சகிக்கவில்லை.

அன்றைக்குப் பார்த்துத் திருவிருந்து. அப்பத் தட்டு கைக்குக் கை மாறும்போது ‘சமாதானம்’ என்று சொல்லித்தானே பக்கத்தில் இருப்பவளிடம் தர வேண்டும், அந்த ஒரு வார்த்தையைச் சித்தியிடம் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை வருஷமும் அவள் முன் பெஞ்சு என்றால் நான் கடைசிப் பெஞ்சு. முன் பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடித்து அது காயாமல் கிடந்ததால், தாமதமாக வந்தவளைக் கோயில் வேலைக்காரர் என் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டார். தட்டு என் கைக்கு வந்து நின்றுவிட்டது. பாட்டு முடிந்துவிட்டது, போதகரம்மா இருமுகிறார், எல்லாக் கண்ணும் என் மேல். இவள் கரகரத்த குரலில், “நீ அடுத்த ஆளுக்குக் குடுத்துடுக்கா, நான் எடுத்துக்கல, ஆனா எந்திரிச்சுப் போயிடாதே” என்றாள். எங்கிருந்துதான் வந்ததோ, “ஏண்டி சொன்னே? கார்டு அடிச்ச கல்யாணமாச்சேடி!” என்று கத்திவிட்டேன். சபையே திரும்பிப் பார்த்தது. மறைத்துக் கட்டிக் கொடுத்தால் பின்னால் உன்னை அடித்துத் துரத்துவார்களோ என்று பயந்தாளாம். “அது பாதிதான்க்கா. என் பொண்ணுக்கு ஒண்ணும் அமையலையேன்னு வயித்தெரிச்சல். அதுதான் மீதி” என்றாள். எல்லாம் உன் நல்லதுக்கு என்று மட்டும் சொல்லியிருந்தால் தட்டை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். அந்த மீதியைக் கேட்ட பிறகு என்னால் பிடிவாதமாக நிற்க முடியவில்லை. சமாதானம் என்றேன். வாய்தான் சொன்னது. மனசுக்கு அது இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. காலையில் எழுந்தால் பழைய கோபம் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிறது, முழங்கால் போட்டு ஆண்டவரிடம் ஒப்படைக்கிறேன், மத்தியானம் நானே போய்த் திரும்ப வாங்கி வந்துவிடுகிறேன். கோபத்தை இப்படித் தினம் தினம்தான் விட முடியும்போல.

“அவகூடப் பேசினா என்னை மறந்துடு” என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. பேசிவிட்டேன் அம்மா. அவளிடம் பேசு என்று உனக்குப் புத்தி சொல்ல மாட்டேன், பட்டவள் நீ, உனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நான் யார்? ஆனால் குரல் இருக்கும்போதே உன்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். புதன்கிழமை சாயங்காலம் இங்கே வருவாள். போன் அடிக்கும். நம்பர் என்னுடையது, ஆனால் பேசப்போவது அவள். அம்மாதானே என்று நினைத்து எடுத்து ஏமாந்துவிடக் கூடாது என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன். நீ எடுக்காவிட்டாலும் மறுநாள் கூப்பிட்டு இருமல் எப்படி இருக்கிறது என்று வழக்கம்போல நச்சரிப்பேன், எனக்கு நீ மகள்தான். இன்னொன்றையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. மணி அடித்து ஓயும் வரைக்கும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

கர்த்தர் உன்னைத் தம் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. நர்ஸிடம் உனக்குத் தைத்த இரண்டு ரவிக்கையும் இருக்கிறது, மறக்காமல் வாங்கிக்கொள்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா