குளம் காணாமல் இறங்கினோம்

துன்சே,
ஆவணி மாதம்.

அன்புள்ள கர்சாங் அண்ணனுக்கு,

தங்கை மெந்தோ வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மலேசியாவில் நீயும் சுகம் என்று உன் நண்பர் சொன்னார். என் போனைத்தான் நீ எடுப்பதில்லையே, அதனால் எழுதுகிறேன்.

பௌர்ணமிக்கு மலையேறிக் கோசாயிகுண்டக் குளத்தில் முழுக வேண்டுமென்று என் மாமியார் கிளம்பினார். நானும் என் வீட்டுக்காரர் லோகேந்திராவும் கூடப் போனோம். அத்தை தனக்கு மட்டும் அவலும் வெல்லமும் கட்டிக்கொண்டார். நான் தாமாங் சாதிப் பெண் என்று, நான் சமைத்ததை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. உன் கோபமே அதுதானே.

லௌரிபினா மேட்டைத் தாண்டியதும் அவருக்கு வாந்தி. பேச்சு குழறியது. பெற்ற மகனையே யாரென்று கேட்டார். அப்பாவின் விடுதியில் மலை உயரம் ஒத்துக்கொள்ளாமல் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! உடனே கீழே இறக்காவிட்டால் உயிர் தங்காது. அவரோ, "குளம் கிட்டத்துல வந்துடுச்சு. மகாதேவரைப் பாக்காம திரும்ப மாட்டேன்" என்று பாறையைப் பிடித்துக்கொண்டார். லோகேந்திரா திகைத்து நின்றார். "மருமக பழி வாங்கிட்டான்னு ஊர் பேசட்டும். தூக்கி என் முதுகுல வைங்க" என்றேன்.

வழியெல்லாம் என் முதுகில் குத்தினார். "என் புண்ணியத்தைக் கெடுக்க வந்தவளே!" என்று ஏசினார். எதிரே மேளத்தோடு குளத்துக்கு ஏறிவந்த நம் தாமாங் பூசாரி ஒருவர், "ஏசுற தெம்பு இருக்கில்ல, பிழைச்சுக்குவா. நிக்காதே, போ" என்றார். பிறகு அந்த ஏச்சும் நின்றுபோனது. அப்போதுதான் அண்ணா, எனக்குப் பயம் வந்தது. நானும் லோகேந்திராவுமாக மாற்றி மாற்றிச் சுமந்து ஓடினோம்.

கீழே சந்தன்பாரி விடுதிக்கு வந்த பிறகு அத்தை கண் திறந்தார். பசிக்கிறது என்றார். லோகேந்திராவை அடுப்படிக்கு அனுப்பப் பார்த்தேன். "அவனுக்கு வெந்நீர் வைக்கவே தெரியாது. நீயே ஏதாவது பண்ணு" என்றார். பூண்டு சூப் வைத்துக் கொடுத்தேன். "உப்பு ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தை மறுபடி நீட்டினார். நான் வெளியே போய் அழுதேன். குளம் பார்க்க முடியவில்லையே என்று உள்ளே அவரும் அழுதார்.

நேற்று, "உன் அண்ணன் ஏன் நம்ம வீட்டுப் பக்கமே வரதில்ல?" என்று கேட்டார். வேலை அதிகம் என்றேன். "பொய் சொல்லாதடி. தசைன் பண்டிகைக்கு வரச் சொல்லு. நானே நெத்தியில திலகம் வைக்கிறேன்" என்றார்.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். அடுத்த வருஷம் மறுபடி ஏறப் போகிறாராம். அத்தை கனம், அண்ணா. சுமக்க இன்னொரு முதுகு வேண்டும். விடுப்புக் கேட்டுப் பார்.

நம் மலைத் தெய்வங்கள் உன்னைக் காக்கட்டும்.

உன் தங்கை,
மெந்தோ