எழுபத்து நான்காம் வருடத்துப் பனி

12 மார்ச் 2009

அன்புள்ள ராபிகா,

உன் பழைய சிநேகிதி நகிமா எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடவில்லை என்றால், உட்கார்ந்து படி. நீ ஜெயித்துவிட்டாய்!

நேற்று நம் கலாசார மன்றத்தில் கூட்டம். அல்மாட்டியிலிருந்து ஐனாஷ் என்றொரு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்திருந்தாள். அல்தாய் மலைப் பனியாற்றைத் துளைத்து, வருடா வருடம் அடுக்கடுக்காகப் படிந்த பனியை எடுத்து வந்து, எந்த வருடம் காற்றில் எவ்வளவு ஈயம் இருந்தது என்று கண்டுபிடித்திருக்கிறாள். எழுபத்து நான்காம் வருட அடுக்கில், பக்கத்து வருடங்களைவிட மூன்று மடங்கு ஈயம். நம் உருக்காலைப் புகையால்தான் பிள்ளைகளுக்கு வலிப்பு வருகிறது என்று டாக்டராக நீ எழுதிக் கொடுத்து, பொய்க்காரி என்று பெயர் வாங்கி ஊரைவிட்டுப் போனாயே, அதே குளிர்காலம்.

ஆலையின் பழைய மேலாளர் லுகிச் சும்மா இருப்பாரா? தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "அது உன் துளை போடுற மெஷின்லேருந்து ஒட்டின ஈயம்மா" என்றார். அவள் அசரவில்லை. "எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சு தாத்தா. வெளியிலேருந்து ஒட்டினதுன்னா உள்ள போகப் போகக் குறையணும். சுரண்டிச் சுரண்டி நடுவரைக்கும் பார்த்துட்டேன். குறையவே இல்ல" என்றாள். எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.

மனிதர் விடவில்லை. ஆலைப் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். "புகை வடிகட்டி ஒரு நாள்கூட நிக்கல. தினமும் கையெழுத்து இருக்கு, பாரு!"

அது யார் கையெழுத்து என்று உனக்குத் தெரியும்.

எழுந்தேன். "அது என் கையெழுத்து. நவம்பர்ல வடிகட்டி கிழிஞ்சுது, ஏப்ரல்லதான் மாத்துனாங்க. அஞ்சு மாசம் பொய்யாக் கையெழுத்துப் போட்டேன். ராபிகா எழுதினதுதான் நிஜம்" என்றேன்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா, நகிமா?" என்றார் லுகிச்.

"இப்பத்தான் வந்துருக்கு" என்றேன்.

அன்று உன் மடியில் வலிப்பு வந்து துடித்தானே புலாத், அவன்தான் முதலில் எழுந்து உன் பெயரைச் சொல்லிக் கைதட்டினான். பிறகு மன்றமே எழுந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

நீ எழுதி வைத்த பிள்ளைகள் பட்டியல் ஐனாஷுக்கு வேண்டுமாம். தபாலில் போடாதே, நீயே கொண்டு வா. சனிக்கிழமை ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்பேன். வராவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் நிற்பேன். உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாலும் பரவாயில்லை, பெட்டியை மட்டும் என் கையில் கொடு.

இப்படிக்கு,
நகிமா