இடது கைக்குக் கட்டு

5 நவம்பர் 2024

செங்கம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். இதை இடது கையால்தான் எழுதுகிறேன். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு சோறு, குளியல், கொண்டை எல்லாமே இடது கை கற்றுக்கொண்டுவிட்டது. எனக்குப் பெருமைதான். பிசியோதெரபி ஜோபின் தம்பி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அதாங்க்கா வம்பு. தெனம் எந்தக் கை வேல செய்யுதோ அதுக்குத்தான் மூளை எடம் குடுக்கும். வலது கைய நீங்க கூப்புடறதே இல்ல. மூளை அத மறந்துனு வருது."

காலையிலிருந்து மதியம் வரை இடது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிவிட வேண்டுமாம். "நடக்காத பாதையில புல்லு மூடிக்கும் இல்லீங்களா, அந்த மாதிரி" என்றான். மலைக்காரி என்றால் காடும் பாதையும்தான் புரியுமா? கோபம் வந்தது. ஆனால் புரிந்தது.

பொங்கலுக்குள் கரண்டி பிடிக்காவிட்டால் பள்ளிக்கூடச் சமையலுக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள். எத்தனை வருஷமாக நான் ஆக்கிப் போட்ட இடம் - விடமாட்டேன்.

7 நவம்பர்

வலது கை எழுத்து. கோழிக் கிறுக்கல்.

13 நவம்பர்

கட்டிவிடுவது என் வீட்டுக்காரர். மனசே இல்லாமல் கட்டுகிறார். சோறு வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில். பார்க்கப் பொறுக்காமல் ஊட்ட வந்தார். "ஊட்டி ஊட்டியே என் கையச் சாவடிச்சிடுவ போலிருக்கே" என்று கத்திவிட்டேன். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். பாவம்தான். இருந்தாலும் ஊட்ட விடமாட்டேன்.

28 நவம்பர்

தூ, என்ன ஊர் இது. பக்கத்து வீட்டு ஜெயம்மாள் உப்பு கேட்டு வந்தவள், கட்டோடு நான் வீடு பெருக்குவதைப் பார்த்திருக்கிறாள். நோயாளிப் பொண்டாட்டியைக் கட்டிப் போட்டு சின்னராஜ் வேலை வாங்குகிறான் என்று ஊர்க்கவுண்டர் வரைக்கும் சொல்லியாயிற்று. நாளைக்குக் கோயில் முன்னால் பஞ்சாயத்து. இவர் என்னடா என்றால் "கட்டுனது நான்தான" என்று தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

29 நவம்பர்

கட்டோடேயே போய் நின்றேன்.

"இன்னாம்மா, அடிக்கிறானா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"இல்லீங்க. நான்தான் கட்டச் சொன்னேன். நல்ல கை சும்மா இருந்தாத்தான் விழுந்த கை வேல கத்துக்கும்."

ஒருத்தரும் நம்பவில்லை. பஞ்சாயத்தில் பேசுகிறவர்கள் ஊர்க்கவுண்டருக்கு வலது கையால் வெற்றிலை கொடுக்க வேண்டும். தட்டிலிருந்து எடுத்தேன், விழுந்தது. ஜெயம்மாள் எடுத்துத் தர வந்தாள். "கை வச்ச, தெரியும் சேதி" என்றேன். திரும்ப எடுத்தேன். திரும்ப விழுந்தது. வேர்த்துக் கொட்டியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கடைசியில் ஒரு வெற்றிலையை ஊர்க்கவுண்டர் கையில் வைத்துவிட்டேன். "கை வேல கத்துக்குனுதான் வருது. அவன் மேல குத்தமில்ல, எல்லாம் எழுந்து போங்க" என்றார்.

30 நவம்பர்

இனிமேல் கட்ட மாட்டாராம். "ஊரே என்னை அப்டி நெனச்சிடுச்சே. என்னால ஆவாது" என்று அழுகிறார். நானும் அழுதேன். அப்புறம் கெட்ட கோபம்.

6 டிசம்பர்

கட்டு இல்லாமல் எல்லாவற்றுக்கும் இடது கை முந்திக்கொள்கிறது. டம்ளர், சீப்பு, விளக்குமாறு. எனக்கே தெரிவதில்லை. பழகின கையாச்சே. இப்படியே போனால் என் வேலை போச்சு.

14 டிசம்பர்

நானே கட்டிக்கொள்கிறேன். துண்டின் ஒரு முனையைப் பல்லால் கடித்து, மறுமுனையை வலது கையால் சுற்றினேன். நழுவிவிட்டது. பரவாயில்லை. இனி தினம் எழுந்ததும் இதுதான் முதல் வேலை. பழக்கத்துக்குத்தானே மூளை மசியும்? பழக்கிக் காட்டுகிறேன்.

27 டிசம்பர்

அரை முடிச்சு. இழுத்தால் வந்துவிடுகிறது.

9 ஜனவரி 2025

நேற்று தலைமையாசிரியர் கரண்டியைக் கொடுத்துப் பார்த்தார். மெதுவாகத்தான் கிண்டினேன், கீழே விடவில்லை. பொங்கல் லீவு முடிந்ததும் வரச் சொல்லிவிட்டார்.

இன்று காலையிலும் நானே கட்டிக்கொண்டேன். மதியம் அவிழ்த்துவிடச் சொல்லி அவரைக் கூப்பிட்டேன். "இன்னாடி இது, இப்டி இறுக்கி வெச்சிருக்க" என்று அந்த முடிச்சோடு வெகுநேரம் மல்லாடினார்.