மழை வந்தும் பெருகாத மான்கள்

எசன், ஜேர்மனி,
15.05.1988

அன்புள்ள மகள் சந்திரகாந்திக்கு,

நானும் அம்மாவும் சுகம், நீயும் உன் மான்களும் அந்தக் கலஹாரிப் பாலைவன வெயிலில் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனைக் கும்பிடுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைவு, வாய்க்கு ஒருநாளும் வலி வராது. இங்கே மழை விட்டபாடில்லை, ஆனால் மழை என்று எழுதவே எனக்கு வெட்கமாயிருக்கிறது பிள்ளை. வறட்சி முடிந்து மழை பெய்துவிட்டது அப்பா என்று நீ மாசியில் எழுதியதைப் படித்ததும், மான்களை எண்ணுகிற உன் வேலையும் முடிந்தது என்று நானே தீர்மானித்து, பீலெஃபெல்ட் நகரத்துக் குணசேகரம் அண்ணைக்குப் போன் எடுத்து, ஆவணியில் பிள்ளை வருவாள், உங்கள் மகனுக்குக் கலியாணம் செய்துவைக்கலாம் என்று உன்னை ஒரு வார்த்தை கேளாமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஊரில் நாலு ஆடு வளர்த்தவனுக்கு மிருகங்களைப் பற்றித் தெரியாததா என்ற கொழுப்பு. அவரும் மண்டபம் பேசிவிட்டார்.

இப்போது உன் அடுத்த கடிதம் வந்திருக்கிறது. புல் முழங்காலளவு நிற்கிறது, தின்னத்தான் வாயில்லை என்கிறாய். குட்டிகளும் கிழடுகளும் வறட்சியில் போய்விட்டன, தப்பிய பெண்மான்களும் எலும்பாய் நிற்கின்றன, அவை உடம்பு தேறிச் சினைப்பட இன்னொரு மழை வேண்டும், அந்தக் குட்டிகள் பிழைக்கின்றனவா என்று பாராமல் வரமாட்டேன் என்கிறாய். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் ஊரில் சங்கக்கடை மனேச்சராய் இருந்ததைக் குத்திக் கதைக்க அவளுக்கு இது போதும். சங்கக்கடையில சீனி முடிஞ்சா அடுத்த நாள் லொறி வரும், மானும் லொறியிலயோ வரும் மனேச்சர் என்று கேட்டாள். நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். குணசேகரம் அண்ணையிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்பதுதான் மரியாதை, ஆனால் அகதிக் கடுதாசியோடு எசன் நகரத்தைத் தாண்ட இந்த நாட்டுச் சட்டம் விடாது. மழைக்குள் போன் பெட்டியில் நின்றுதான் சொன்னேன். அப்ப மான் குட்டி போடுமட்டும் என்ரை பெடியன் மாப்பிள்ளையாய் நிக்கிறதோ என்று கேட்டார். ஓம் என்று சமாளிக்கத்தான் வாய் வந்தது. பிறகு, இல்லை அண்ணை, பிள்ளையைக் கேளாமல் பேசினது என்ரை பிழை, அந்தக் கதையை விட்டிடுங்கோ என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். இப்போது சனத்தைக் கண்டால் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

நீ வேலையை முடி. கலியாணம் வேண்டுமா, யாரோடு, எப்போது என்பதை நீயே சொல்லு. அதுவரை என் வாய்க்குப் பூட்டு. முருகன் உனக்குத் துணையிருப்பான். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. மான்கள் குட்டி போட்டால் அம்மாவின் பெயருக்கு எழுது, எனக்கு எழுதினால் நான் யாருக்காவது போன் எடுத்துவிடுவேன்.

உன் அப்பா,
சிவகுருநாதன்